கேமராவில் இல்லாத கீறல்

சிலுவையின் காரில் ஐந்து கீறல்கள் இருந்தன. பானட்டில் நான்கு, இடது பக்கத்துப் பின்கதவில் ஒன்று. ஐந்தையும் போட்டது தன் மைத்துனன் ஆன்ட்ரூஸ்தான் என்பதில் சிலுவைக்குச் சந்தேகமே கிடையாது. பார்த்தாரா என்றால் பார்க்கவில்லை. கடியப்பட்டணத்தில் அவர் வீட்டுக்குப் போகும் சந்தில் ஸ்கூட்டர் நுழையும், கார் நுழையாது. அதனால் தெருவோரச் சிலுவைக் கோவிலான குருசடிக்குப் பக்கத்தில் கிடக்கும் மணல் திட்டில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். குருசடிக்கு நேர் எதிரே ஆன்ட்ரூஸின் வீடு. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

இரண்டு பேரும் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. சண்டைக்குக் காரணமும் இதே கார்தான். பஹ்ரைனில் பதினாறு வருடம் மீன்பிடித்துவிட்டு ஊர் திரும்பிய சிலுவை, மார்த்தாண்டத்தில் பழைய கார் ஒன்றை வாங்கினார். கருநீலம். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் வந்து வண்டியை மந்திரித்தார். தீர்த்தம் தெளித்து முடிக்கிற நேரத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து ஆன்ட்ரூஸ், "சாமி, இதுக்கு மந்திரிப்பு போராது. அவஸ்தை பூசிருங்க" என்றான். சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுவதை ஓடுகிற வண்டிக்குப் பூசச் சொன்னால் ஊர் சிரிக்காமல் இருக்குமா? சிரித்தது. சாமியாரும் சிரித்தார். சாமியாரை மன்னித்துவிடலாம், இன்னும் இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கு மாறிப் போய்விடுவார். மைத்துனன் எங்கே போவான்?

இந்த நிலையில்தான் மகள் அபினாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் குளச்சல்காரர்கள், நல்ல மனிதர்கள். கோவிலில் கலியாண அறிவிப்பின் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. இந்தக் கலியாணத்துக்கு யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் பீடத்திலிருந்து கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. தடை வீட்டுக்குள்ளே இருந்தது. நானூறு கார்டு அச்சடித்து வந்து அலமாரியில் அடுக்கியிருக்க, அதில் ஒன்றைக்கூட எடுக்க சிலுவையின் மனைவி செசிலி விடவில்லை.

"முதல் கார்டு தாய்மாமனுக்கு. அது போவாம இந்த வீட்டுல இருந்து ஒரு கார்டும் போவாது" என்றாள்.

"எனக்க வண்டியக் கீறினவனுக்கு நான் போய் கார்டு குடுக்கணுமாக்கும்?"

"கீறினத நீங்க கண்டியளா?"

"காணணும்னா கண்டு காட்டுதேன்."

செசிலிக்குத் தம்பி ஒருவன்தான். அம்மையும் அப்பனும் போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்தக் குருசடிக்கு எதிர்வீடு மட்டுமே. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கணவனைக் குருசடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மெழுகுதிரி கொளுத்தி வைத்துச் சத்தியம் கேட்டாள். கலியாணத்துக்குப் பத்து நாள் முன்பு வரைக்கும் கெடு. அதற்குள் ஆன்ட்ரூஸ் கீறுவது கேமராவில் விழுந்தால் அவனுக்குக் கார்டு வேண்டாம், அவளும் அவனோடு பேசமாட்டாள். விழாவிட்டால் முதல் கார்டைச் சிலுவையே கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும்.

சிலுவை சிலுவையைத் தொட்டார். "கேமராவில இருக்கதுதான் கணக்கு. கேமராவில இல்லாதது நடக்கல்ல. போருமா?" என்றார். போரும் என்றாள் செசிலி.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே கார் சாமான் கடை வைத்திருக்கும் ஷாஜன் தொழில் தெரிந்தவன். கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை ஒட்டினான், பியூஸ் பெட்டியிலிருந்து வயர் இழுத்தான், சிலுவைக்குப் புரியும்படி விளக்கமும் சொன்னான். சாதாரணமாக வண்டி அணைந்தால் கேமராவும் அணைந்துவிடும். இந்த வயர் போட்டால் நிறுத்திய பிறகும் வண்டி பாட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஓடும். எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். பாட்டரி ரொம்ப இறங்கிவிட்டால் அது தானாகவே விலகிக்கொள்ளும், மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நடுத்தெருவில் நிற்காது. இந்தக் கடைசி விஷயம் சிலுவைக்கு மிகவும் பிடித்திருந்தது. வள்ளத்தில் இப்படி விவரமுள்ள ஆள் ஒருவன்கூட அவருக்கு வாய்த்ததில்லை.

"ஆறு மணிக்கூர் வச்சிருக்கேன் அண்ணா. ஒரு குழப்பமும் இல்ல" என்றான் ஷாஜன்.

இந்த இடத்தில் சிலுவையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கடலிலிருந்து வள்ளம் கரையேறியதும் பாட்டரியின் வயரைக் கழற்றி வைப்பது அந்தக் கரையில் எல்லோரும் செய்கிற காரியம். உப்புக் காற்றில் இரவெல்லாம் வயர் மாட்டிக் கிடந்தால் காலையில் பச்சை பூத்துப் பாட்டரி பாழாகிவிடும். சிலுவை பதினைந்து வயதில் பழகியது இது. கார் வாங்கிய நாளிலிருந்து இதையும் அப்படித்தான் நிறுத்துவார். சாவியைத் திருப்புவார், இறங்குவார், பானட்டைத் தூக்குவார், பத்தாம் நம்பர் ஸ்பானரால் கறுப்பு வயரைக் கழற்றி ஓரமாக மடக்கி வைப்பார், பானட்டை மூடுவார். அப்புறம்தான் வண்டி நின்றதாக அவருக்குக் கணக்கு. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிறோம், அதை யாராவது ஒரு வேலையாக நினைக்கிறோமா? அவரும் நினைக்கவில்லை. தினமும் பார்க்கிற செசிலியும் அபினாவும் நினைக்கவில்லை.

ஆகவே முதல் வாரம் கேமராவில் ஒன்றுமில்லை. சிலுவை வண்டியைக் கொண்டுவந்து குருசடித் தெருவில் திருப்புவது வரைக்கும் இருந்தது, அதோடு சரி. கரண்ட் திடீரென்று போனால் கடைசித் துண்டு பதிவாகாமல் போய்விடும், அது கேமராவின் சுபாவம். பானட்டில் மட்டும் ஐந்தாவதாக ஒரு கீறல் புதிதாக விழுந்திருந்தது.

ஷாஜன் பியூஸை மாற்றினான், ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டு ஆக்கினான். கடை வாசலில் இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்திப் பார்த்தான். சாலையில் போன பஸ், லாரி, ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு குலசேகரத்திலிருந்து வந்த டெம்போ எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தன. வண்டிக்குள் இருக்கிற கடிகாரம் மட்டும் தப்பான மணி காட்டியது.

"கடியாரம் எப்பவும் இப்பிடித்தானா அண்ணா?"

"அது வாங்கின அண்ணைக்கே கேடு. ஒவ்வொரு நாளும் பன்னெண்டுல இருந்து தொடங்கும்" என்றார் சிலுவை.

"வண்டி நிறுத்தின பொறவு நீங்க எதையாவது தொடுவியளா?"

"நான் எதுக்குத் தொடுதேன்? நிறுத்துவேன், வீட்டுக்குப் போவேன்."

இதை அவர் பொய் சொல்லவில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர் அவர், அதை முன்பே பார்த்தோம்.

இரண்டாவது வாரமும் ஒன்றுமில்லை. கேமரா மார்த்தாண்டத்தில் வேலை செய்கிறது, கடியப்பட்டணத்தில் செய்வதில்லை. இதிலிருந்து சிலுவை எட்டிய முடிவு எளிமையானது. ஆன்ட்ரூஸ் என்ன தொழில் செய்கிறான்? வள்ளத்து என்ஜின் ரிப்பேர். வயரும் பியூஸும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேமராவை அணைத்துவிட்டுத்தான் கீறுகிறான். படம் இல்லாததே அவனுக்கு எதிரான பெரிய சாட்சி என்று செசிலியிடம் சொன்னார். செசிலி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கேமராவில இருக்கதுதான் கணக்குன்னு குருசடியில சொன்னது நீங்களா, சாமியாரா?"

அன்று சாயங்காலம் அவள் அலமாரியைத் திறந்து கார்டுக் கட்டுகளை ஒருமுறை தூசி தட்டி மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தது. குளச்சல்காரர்கள் தங்கள் பக்கத்துக் கார்டை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் "கலியாணம் உண்டும்தானே?" என்று அபினாவிடம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அபினா ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டாள். சிலுவைக்கு அது நெஞ்சில் கொண்டது. மகள் மேல் அவருக்கு உயிர். ஆனால் ஊர் முழுக்கச் சிரித்த சிரிப்பும் இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஐம்பது வயதுக்குள் வள்ளத்து என்ஜின் அவர் காதைப் பாதி வாங்கிவிட்டது என்றாலும், அந்தச் சிரிப்பு மட்டும் குறையாமல் கேட்டது.

மறுநாள் ஷாஜனிடம் மூன்றாவது தடவை போனார். ஷாஜன் தலையைச் சொறிந்தான். தொழிலில் இருபது வருடமாக இப்படி ஒரு வண்டியை அவன் பார்த்ததில்லை. கடைசியில் சீட்டுக்கு அடியில் செங்கல் அளவில் தனியாக ஒரு குட்டிப் பாட்டரியை வைத்தான். வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஏறிக்கொள்ளும், வண்டி நின்ற பிறகு கேமராவுக்கு அதுதான் சோறு போடும்.

"இனி வண்டிப் பாட்டரிய எவன் என்ன செய்தாலும் கேமராவுக்கு ஒண்ணும் ஆவாது. எவன்னு பாத்திரலாம் அண்ணா" என்றான். அவனுக்கும் இப்போது ஆன்ட்ரூஸ் மேல் கோபம் வந்திருந்தது. ஆன்ட்ரூஸை அவன் பார்த்தது கூடக் கிடையாது.

சிலுவை அன்று வண்டியைக் குருசடிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் பானட்டில் ஆறாவது கீறல். நல்ல ஆழம். சிலுவைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொந்தக் காரில் கீறல் விழுந்ததற்கு இவ்வளவு மகிழ்ந்த மனிதர் வேறொருவர் இருப்பாரா என்று தெரியவில்லை. செசிலியையும் அபினாவையும் அங்கேயே கூப்பிட்டார். மூன்று பேரும் காருக்குள் உட்கார்ந்தார்கள். அபினா கேமராவைத் தன் போனோடு இணைத்தாள்.

"சத்தத்தக் கூட்டி வை மக்கா. நல்லாக் கேக்கட்டு" என்றார் சிலுவை.

படம் ஓடியது. எதிரே ஆன்ட்ரூஸின் மதில், மதிலுக்கு மேலே முருங்கை. என்ஜின் அணைகிறது. கதவு திறந்து மூடும் சத்தம். சிலுவை முன்பக்கமாக நடந்து வருகிறார். பஹ்ரைனில் முதலாளி கொடுத்த அகலமான பெல்ட், அதில் உள்ளங்கை அளவுக்குப் பித்தளைக் கொக்கி. பானட் எழுகிறது, படம் இருட்டாகிறது. உள்ளே ஸ்பானர் திருகும் சத்தம், சிலுவை பாட்டுப் போல ஏதோ முனகும் சத்தம். பானட் இறங்குகிறது. உப்பில் துருவேறிய கொண்டி என்பதால் லேசில் பிடிக்காது. சிலுவை சட்டையை மேலே ஏற்றிவிட்டு, இரண்டு கையையும் பானட்டில் ஊன்றி, தன் வயிற்றை அதன் மேல் வைத்து அமுக்குகிறார். படம் முழுக்க வயிறு. கொண்டி விழுகிறது. அப்புறம் சிலுவை பைய வழுக்கி இறங்குகிறார்.

கிரீச் என்று ஒரு சத்தம். போனில் அது சந்து முனை வரைக்கும் கேட்டது.

படத்தில் இருக்கும் சிலுவைக்குக் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து, ஆன்ட்ரூஸின் வீட்டைப் பார்த்து மண்ணில் துப்பிவிட்டு, ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார்.

அபினா மறுபடியும் ஒருமுறை ஓட்டினாள். வயிறு, கிரீச், துப்பல்.

"மிச்சத்தையும் போடு. பொறவு வந்து அவன் ஏதாவது..." என்றார் சிலுவை.

மிச்சத்தையும் போட்டாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. ஒரு ஆடு வந்து போயிற்று. ஒரு காக்கை பானட்டில் வந்து உட்கார்ந்தது. ஆன்ட்ரூஸ் வாசலுக்கு வந்தான், இரண்டு பக்கமும் பார்த்தான், தோளில் கிடந்த துண்டை வீசிக் காக்கையை விரட்டினான். உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான்.

செசிலியின் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

சிலுவை ஷாஜனுக்குப் போன் போட்டார். தொழில்காரனுக்குச் சொல்ல வேண்டியது மரியாதை என்று நினைத்தார். ஷாஜன் முழுசாகக் கேட்டான்.

"அண்ணா, வண்டி நிறுத்தினா நீங்க பாட்டரி வயரக் கழத்துவியளா?"

"பின்ன? கழத்தாம எப்பிடிலே வண்டிய நிறுத்துவ?"

ஷாஜன் நன்றாக இருங்கள் அண்ணா என்று சொல்லிப் போனை வைத்தான்.

வீட்டில் செசிலி அலமாரியைத் திறந்து மேலே இருந்த கார்டை எடுத்தாள். தாம்பாளத்தில் வாழைப்பழச் சீப்பு, சீனி, கார்டு. சிலுவை முகம் கழுவிவிட்டு வந்து நின்றார். வழக்கு தோற்றுப்போன மனிதனின் முகம். சத்தியத்தை மட்டும் விடுவதாக இல்லை.

"வாறியளா?" என்றாள் செசிலி. இரண்டடி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பெல்ட்டக் கழத்தி வச்சிட்டு வாங்க."

ஆன்ட்ரூஸ் முற்றத்தில் ஒரு என்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அக்காவும் அத்தானும் சேர்ந்து படலைத் திறந்து வருவதைப் பார்த்ததும் எழுந்தான், கையில் இருந்த கிரீஸைத் துடைக்கத் துணி தேடினான், கிடைக்காமல் தன் கைலியிலேயே துடைத்தான்.

"அபினாவுக்குக் கலியாணம்" என்றார் சிலுவை, ஊருக்கே தெரிந்த செய்தியை. "முதல் கார்டு."

ஆன்ட்ரூஸ் வாங்கிப் பிரித்தான். அழைக்கிறவர்கள் பெயர் வரிசையில் மூன்றாவதாகத் தாய்மாமன் ஆன்ட்ரூஸ் என்று அச்சாகியிருந்தது. அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தது செசிலி. நானூறு கார்டிலும் அப்படித்தான். கண்ணாடி எடுத்துப் போட்டுப் படிக்கிற பழக்கம் இல்லாததால் சிலுவைக்கு இது அன்றுவரை தெரியாது. ஆன்ட்ரூஸ் அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றான். விரல் பட்ட இடத்தில் கிரீஸ் ஒட்டியது.

"வண்டியக் கீறினது நீன்னு நெனச்சேன்" என்றார் சிலுவை. "நானாக்கும் கீறினது. கேமராவில கண்டேன்."

"தெரியும் அத்தான். ஆறையும் நீங்க கீறுதத இந்த முற்றத்துல இருந்து நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். பெல்ட்டுக் கொக்கி மாட்டிப் பிடிச்சு இழுக்கும்."

"ஏன்லே சொல்லல்ல?"

"நாம பேசுதது இல்லல்லா?"

நியாயம்தானே, பேசாமல் இருக்கிற மனிதன் எப்படிச் சொல்லுவான்? செசிலி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாது.

ஆன்ட்ரூஸ் கார்டை மடித்தான். மறுபடியும் பிரித்தான்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். இது கையில இருக்கும்போ மனசு கேக்கல்ல. எடது பக்கம் பின்கதவுல ஒரு கீறல் உண்டும்லா. அது நான் போட்டதாக்கும்."

நீட்டப் போன தாம்பாளம் செசிலியின் கையிலேயே நின்றுவிட்டது. இரண்டு வாரம் அவள் கட்டிக் காத்தது எல்லாம் அந்த ஒரு சொல்லில் போகப் பார்த்தது.

"அம்மைக்க வருசப் பூசை அண்ணைக்கு" என்றான் ஆன்ட்ரூஸ். "எல்லாரையும் வண்டியில ஏத்திக் கல்லறைக்குக் கொண்டு போனியளே. நான் மழையில நடந்து வாறேன். எனக்க பக்கத்துல வந்து வண்டி ஸ்லோவாச்சு. விளிக்கியன்னு நெனச்சேன். கதவுல கை வச்சேன். நீங்க போயிட்டிய. பெத்த அம்மைக்க பூசைக்கு நான் மட்டும் நனைஞ்சிட்டு வந்தேன். அண்ணைக்கு ராத்திரி சாவியால ஒரு இழுப்பு இழுத்தேன். தப்புதான்."

சிலுவைக்கு அந்த மழை ஞாபகம் இருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததும், பின்னால் ஏதோ தட்டியது போல இருந்ததும், கூட்டத்தில் யாரோ முழங்கையால் இடித்திருப்பார்கள் என்று நினைத்ததும்.

"அங்க ஸ்பீட் பிரேக்கர் உண்டும்லா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "அதுக்காக்கும் ஸ்லோ பண்ணினேன். நீ கை வச்சது எனக்குத் தெரியாது மக்கா. சத்தியமாத் தெரியாது."

ஆன்ட்ரூஸ் தலையாட்டினான். அப்புறம் கார்டை நீட்டினான். "வேணும்னா திருப்பி வாங்கிக்கிடுங்க. நீங்க குருசடியில சத்தியம் செய்தது ஊருக்கே தெரியும்."

சிலுவை கார்டை வாங்கவில்லை.

"அது எப்போ? கேமரா வைக்கதுக்கு முன்னயா, பொறவா?"

"முன்ன. அம்மைக்க வருசம் ஆகஸ்ட்டுல்லா."

"அப்போ அது கேமராவில இல்ல" என்றார் சிலுவை. "கேமராவில இல்லாதது நடக்கல்ல. அப்பிடித்தான் சத்தியம். நீ இவகிட்ட கேளு."

செசிலி ஆமென்று தலையசைத்தாள்.

சிலுவை தெருவில் இறங்கிக் காரிடம் போனார். பானட்டைத் தூக்கிக் கறுப்பு வயரை மாட்டினார். மூட வந்தவர் தன் இடுப்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, வயிற்றை வைத்து அமுக்கினார். கொண்டி விழுந்தது. பிறகு இடது பக்கம் சுற்றி வந்து, நீளமாகக் கீறல் கிடந்த அந்தப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது கார்டு கெடக்கு. கைலிய மாத்திட்டு வாலே" என்றார். "வந்து ஏறு."

ஆன்ட்ரூஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வரும்வரைக்கும் அவர் அந்தக் கதவை மூடவில்லை.